66 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐக்கிய அமெரிக்காவின் பழைய 66 ஆம் இலக்க நெடுஞ்சாலை 1926 ஆம் ஆண்டு நவம்பர் 11 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. 2026 இல் அதற்கு நூறு ஆண்டு நிறைவு. அதையொட்டி இப்பகுதியில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு, அவ்வீதியில் மோட்டார் சைக்கிளில் போவது பற்றித் திருகோணமலை நகரிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் எதிர்பார்த்ததைவிட அதிகமான கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்றையே கேட்டவற்றைச் சேர்த்து, இம்முறைப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (உப்புவெளி வாசகர்): அந்த வீதியை எப்போதோ மூடிவிட்டார்கள் என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவரோ போய்வந்தவர்களின் படங்களைக் காட்டுகிறார். வீதி இருக்கிறதா, இல்லையா?

பதில்: இருவர் சொல்வதும் சரிதான். 1985 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆம் திகதி அந்த இலக்கம் அமெரிக்க நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து அதிகாரபூர்வமாக நீக்கப்பட்டது. ஆனால் பட்டியலில் இலக்கத்தை அழித்தவர்கள் தாரையும் கொங்கிறீற்றையும் பெயர்த்துக்கொண்டு போகவில்லை. சிக்காகோவில் தொடங்கி இலினோய், மிசூரி, கன்சாஸ், ஒக்லஹோமா, டெக்சாஸ், நியூ மெக்சிக்கோ, அரிசோனா, கலிபோர்னியா ஆகிய எட்டு மாநிலங்களூடாக 2,448 மைல், அதாவது ஏறத்தாழ 3,940 கிலோமீற்றர் நீண்டிருந்த அவ்வீதியின் பெரும்பகுதி இன்றும் ஓடக்கூடிய நிலையிலேயே இருக்கிறது; ஓரிடத்தில் மாநில வீதியாகவும், இன்னோரிடத்தில் ஊரின் நடுத்தெருவாகவும், வேறோரிடத்தில் அதிவேக நெடுஞ்சாலையின் ஓரத்தில் அதனோடு சேர்ந்தோடும் பக்கவீதியாகவும் அது இருக்கிறது. சில இடங்களில் வீதி திடீரென்று ஒரு வேலியில் முட்டி நின்றுவிடும். அங்கே திரும்பி, அதிவேக நெடுஞ்சாலையில் ஏறி, அடுத்த வாயிலில் இறங்கித்தான் மறுபடியும் அதைப் பிடிக்க வேண்டும்.

இதனால் வழி கண்டுபிடிப்பதே பயணத்தின் பாதி வேலையாகிவிடுகிறது. கைப்பேசியின் வழிகாட்டியிடம் சிக்காகோவிலிருந்து லொஸ் ஏஞ்சல்சுக்கு வழி கேட்டால் அது அதிவேக நெடுஞ்சாலையையே காட்டும். பழைய வீதிக்கென்று தயாரிக்கப்பட்ட வரைபடம் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. வழியில் பழுப்பு நிற அறிவிப்புப் பலகைகளும் உண்டு. அவற்றை நினைவுப் பொருளாகக் கழற்றிக்கொண்டு போகிறவர்கள் பெருகியதால், பல இடங்களில் வீதியின் மேலேயே 66 என்ற சின்னத்தைப் பெரிதாக வரைந்துவிட்டார்கள். மழை பெய்து நனைந்திருக்கும்போது அந்த வண்ணப்பூச்சின் மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் பிரேக்கைத் தொடாமலிருப்பது நல்லது.

கேள்வி (கன்னியாவிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்): அமெரிக்காவில் இதைவிட நீளமான, அழகான நெடுஞ்சாலைகள் எத்தனையோ இருக்க, இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெயர்? எங்கள் தந்தையார் இரண்டாம் உலக யுத்த காலத்தில் சீனன்குடாவில் வேலை பார்த்தவர். அக்காலத்தில் அந்த வீதி எப்படி இருந்தது என்றும் அறிய விரும்புகிறேன்.

பதில்: பெயரெடுத்தது அழகினால் அல்ல என்பது என் அபிப்பிராயம். நாட்டுக்கு வந்த ஒவ்வொரு நெருக்கடியும் அந்த வீதியின் மேல் ஏறி நடந்தது, அதுவே காரணம்.

வீதியைத் திட்டமிட்டவர்களில் முதன்மையானவர் ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரைச் சேர்ந்த சைரஸ் எவரி. தம் ஊர் வழியாகப் பெரிய வீதி ஒன்று போக வேண்டும் என்பதற்காகவே, சிக்காகோவிலிருந்து நேரே மேற்கே போகாமல் தென்மேற்காக வளைந்து போகும் வழியை அவர் வலியுறுத்தினார். அவர் முதலில் கேட்ட இலக்கம் 60. கென்டக்கி ஆளுநர் அதே இலக்கத்தைத் தம் மாநிலத்துக்கு வேண்டுமென்று விடாப்பிடியாக நின்றதால், எவருக்கும் ஒதுக்கப்படாமல் கிடந்த 66 இவர்களுக்கு வந்தது. முழு வீதியும் தளமிடப்பட்டு முடிந்தது 1938 இல். அதற்கு முன்னரே, 1930களில் நடு அமெரிக்கச் சமவெளியில் வறட்சியும் புழுதிப் புயலும் விவசாயத்தை அழித்தபோது, இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீட்டுச் சாமான்களைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டார்கள். அவர்களில் பெருந்தொகையினர் வந்த வழி இது. 1936 ஆம் ஆண்டு பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிசார் தம் நகர எல்லையைத் தாண்டி, மாநில எல்லைக்கே போய் நின்றுகொண்டு, கையில் காசில்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். சோதனைச் சாவடி என்றால் என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

யுத்த காலத்தைப் பற்றிய உங்கள் கேள்வி, நீங்கள் எண்ணியதைவிட நம் துறைமுகத்துக்கு நெருக்கமானது. 1942 இன் தொடக்கத்தில் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் கைக்குப் போனதும், நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை றப்பரில் பெரும்பங்கு இலங்கையிலிருந்தே கிடைக்க வேண்டியதாயிற்று. அந்த ஏப்ரல் 9 ஆம் திகதி திருகோணமலையில் குண்டு விழுந்ததை உங்கள் தந்தையார் சொல்லியிருப்பார். அதே ஆண்டில் அமெரிக்காவில் ரயருக்குப் பங்கீடு வந்தது. நாடு முழுவதும் மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீற்றர் என்று வேகம் கட்டுப்படுத்தப்பட்டது. டிசம்பரில் பெற்றோல் பங்கீடும் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. பெற்றோலைவிட ரயரைச் சேமிப்பதுதான் அதன் முதல் நோக்கம். உல்லாசப் பயணிகள் மறைந்த அந்த வீதியில் படைவாகனங்கள் நிறைந்தன. மொஹாவிப் பாலைவனத்தில் தளபதி பற்றன் அமைத்த பயிற்சி முகாம்களுக்குப் போன படையினரும் தளபாடங்களும் அவ்வழியைப் பயன்படுத்தினர்.

யுத்தம் முடிந்த பின்னர்தான் ஒளிவிளக்குப் பலகைகளும் வீதியோர விடுதிகளும் நிறைந்த பொற்காலம் வந்தது. அதுவும் நீடிக்கவில்லை. 1956 இன் நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் அமைந்த அதிவேக வீதிகள் ஊர்களை ஒவ்வொன்றாக ஒதுக்கிச் சென்றன. அரிசோனாவின் செலிக்மன் என்ற சிற்றூரை 1978 ஆம் ஆண்டு செப்டெம்பர் 22 ஆம் திகதி புதிய வீதி விலக்கியது. அதுவரை இடைவிடாது ஓடிய வாகனங்கள் அன்றே நின்றுபோயின. அவ்வூரின் முடிதிருத்துநர் ஏஞ்சல் டெல்கடியோ 1987 இல் அயலவர்களைக் கூட்டிச் சங்கம் ஒன்றை அமைத்து, மாநில அரசு அந்தப் பழைய வீதியை வரலாற்று வீதியாக ஏற்கும்படி செய்தார். மற்ற மாநிலங்கள் அதைப் பார்த்தே தொடர்ந்தன. இன்று நாம் இந்த வீதியைப் பற்றிப் பேசுவதற்குச் சைரஸ் எவரியைவிட அந்த முடிதிருத்துநரே பெரிய காரணம் என்பேன்.

கேள்வி (தம்பலகாமம் வாசகர்): முழு வீதியையும் ஓடி முடிக்க எத்தனை நாள் வேண்டும்? எங்களுக்கு மூன்று வாரத்துக்கு மேல் விடுமுறை கிடைக்காது.

பதில்: இரண்டு வாரத்தில் ஓடி முடிப்பவர்கள் உண்டு. நாளொன்றுக்குச் சராசரியாக 280 கிலோமீற்றர் வருகிறது. திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போவதைவிடச் சற்று அதிகம். கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் அதை ஒரு நாளும் விடாமல் பதினான்கு நாள் செய்ய வேண்டும். வழி தவறுவது, மழைக்கு ஒதுங்குவது, வண்டியைத் திருத்துவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முழுவதையும் ஓடுவது அவசியமில்லை. இலினோய் மாநிலத்தில் பல மணி நேரம் சோள வயல்களையும், பக்கத்திலேயே ஓடும் அதிவேக நெடுஞ்சாலையையும் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். டெக்சாசில் 66 நேர்கோடாகவே போகிறது. அமரில்லோவுக்கு வெளியே 1974 இல் பத்து கடிலாக் கார்களை மூக்குக் குப்புற நட்டுவைத்த வயல் ஒன்று உண்டு. அதைப் பார்த்தால் அந்த மாநிலத்தில் பெரும்பகுதி முடிந்தது. பணமும் நாளும் குறைவானவர்கள் மேற்குப் பாதியை மட்டும், அதிலும் அரிசோனாவை மட்டும், ஆறுதலாக ஓடுவதே அறிவு.

காரணம் சொல்கிறேன். அரிசோனாவில் செலிக்மனுக்குக் கிழக்கேயிருந்து கலிபோர்னிய எல்லை வரை ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரத்துக்குப் பழைய வீதி அறுபடாமல் கிடக்கிறது. மற்றெந்த மாநிலத்திலும் இவ்வளவு நீளம் தொடர்ச்சியாகக் கிடைப்பதில்லை. லாஸ் வேகாசில் வண்டியை வாடகைக்கு எடுத்தால், கிங்மன் நகர் சுமார் 170 கிலோமீற்றர். அங்கிருந்து ஒரு நாள் மேற்கே மலையேறி ஓட்மன் போய் வரலாம். மறுநாள் கிழக்கே, ஹுவாலபாய் பழங்குடியினரின் தலைமையிடமான பீச் ஸ்பிரிங்ஸ் வழியாகச் செலிக்மன் போகலாம். அதற்கப்பால் வில்லியம்ஸ்; 1984 ஒக்டோபரில் 66 இல் கடைசியாக ஒதுக்கப்பட்ட ஊர் அது. வில்லியம்சிலிருந்து மாபெரும் பள்ளத்தாக்கான கிராண்ட் கன்யன் 100 கிலோமீற்றருக்குள். ஒரு வாரத்தில் இவ்வளவும் அவசரமின்றி முடியும், வாடகையும் பாதியாகும்.

ஓட்மன் மலைவீதியைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. கிங்மனிலிருந்து புறப்பட்டுச் சமவெளியைக் கடந்ததும் வீதி ஒடுங்கி, சிற்கிறீவ்ஸ் கணவாயை நோக்கி, 1,000 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரத்துக்கு ஏறுகிறது. வளைவுகள் கொண்டையூசிபோல் திரும்பும்; பல இடங்களில் ஓரத்தடுப்பு இல்லை; வளைவின் உட்புறத்தில் மலையிலிருந்து வடிந்த சிறுகற்கள் கிடக்கும். அக்காலத்து ஃபோர்ட் ரீ வகைக் கார்களில் பெற்றோல் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குத் தானாகவே வழிந்து வர வேண்டும்; செங்குத்தான ஏற்றத்தில் அது வராது. பின்கியர் பலமானதும்கூட. ஆகவே இப்படியான மலைகளில் சாரதிகள் காரைத் திருப்பிப் பின்னோக்கியே ஏற்றினார்கள். 1952 இல் வேறு வழி அமைந்ததும் இந்த வீதி கைவிடப்பட்டது. கணவாயைத் தாண்டி இறங்கினால் ஓட்மன். தங்கச் சுரங்கக்காரர்கள் விட்டுச் சென்ற கழுதைகளின் வழிவந்தவை தெருவின் நடுவில் நின்று வழிமறிக்கும். ஹோர்ன் அடித்துப் பயனில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதே வழி, கையை நீட்டினால் கடிக்கவும் கூடும்.

ஒக்லஹோமாவையும் விட மனமில்லையென்றால், மயாமி, அஃப்ரன் என்ற ஊர்களுக்கிடையே 1922 இல் போடப்பட்ட ஒன்பது அடி அகல வீதித் துண்டு ஒன்று இருக்கிறது. எதிரே வாகனம் வந்தால் ஒரு சக்கரத்தை வெளியே இறக்க வேண்டும் என்ற கணக்கில் கட்டியது. இப்போது சரளைக்கல் மூடிக் கிடக்கும் அதில் பாரமான மோட்டார் சைக்கிளை விடுவது உசிதமன்று. இறங்கி நடந்து பார்த்துவிட்டு வரலாம்.

கேள்வி (பாலையூற்று வாசகர்): இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் அங்கே செல்லுமா?

பதில்: அதனுடன் சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் வைத்திருங்கள். கொழும்பிலுள்ள ஓட்டோமொபைல் சங்கத்தில் அதைப் பெறலாம், ஓராண்டு செல்லுபடியாகும். உங்கள் இலங்கைப் பத்திரத்தில் 100 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கான ஏ வகுப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏ1 மட்டும் இருந்தால், அல்லது சர்வதேசப் பத்திரத்தில் மோட்டார் சைக்கிள் பகுதியில் முத்திரை இல்லாவிட்டால், வாடகைக்காரர் வண்டியைத் தரமாட்டார். பெரும்பாலான இடங்களில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் தருவதில்லை. விசா விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுவதால் அவற்றைக் கொழும்புத் தூதரகத்தின் அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (உவர்மலையிலிருந்து ஒரு தாய்): எனக்கு ஒரே மகன். இங்கே 150 சிசி வண்டி ஓட்டுகிறான். இப்போது நண்பர்களுடன் அமெரிக்கா போய் ஹார்லி டேவிட்சன் எடுத்து ஓடப் போகிறானாம். மறிப்பதா, விடுவதா என்று தெரியவில்லை.

பதில்: அம்மா, மறிக்கச் சொல்லி எழுத எனக்கு மனமில்லை, விடுவதற்கு முன் அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளைத் தருகிறேன்.

முதலாவது பாரம். அவர் இங்கே ஓட்டும் வண்டி 150 கிலோகிராமுக்கு உட்பட்டது. படங்களில் காணும் பெரிய ஹார்லி வண்டிகள் 350 கிலோகிராமுக்கு மேல். ஓடும்போது அந்தப் பாரம் தெரியாது. பெற்றோல் நிலையத்தில், சரிவான தரையில், கால் ஊன்றும் கணத்தில்தான் தெரியும். சாய்ந்துவிட்டால் ஒருவரால் பிடித்து நிறுத்த முடியாது. ஆகவே பெயருக்காக எடுக்காமல், உயரத்துக்கும் உடல் வலுவுக்கும் ஏற்ற நடுத்தர வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். எதை எடுத்தாலும், முதல் நாள் வெறுமையான வாகனத் தரிப்பிடம் ஒன்றில் மெதுவாகத் திரும்பவும் நிறுத்தவும் நன்கு பழகிய பின்னரே வீதிக்கு இறங்க வேண்டும்.

இரண்டாவது, பக்கம். நாம் இடப்புறம் ஓடுகிறோம், அங்கே வலப்புறம். நெரிசலில் ஆள் தவறுவதில்லை, முன்னால் போகிறவரைப் பார்த்து ஓடிவிடுவார். காலையில் விடுதியிலிருந்தோ பெற்றோல் நிலையத்திலிருந்தோ வெளியே வந்து, ஒரு வாகனமும் இல்லாத வெறும் வீதியில் ஏறும்போதுதான் கை பழைய பழக்கத்தில் இடப்பக்கம் இழுக்கும். பெற்றோல் தொட்டியின் மேல் வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி ஒன்றை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். நான்கு திசையிலும் நிறுத்தற் பலகை உள்ள சந்தியில் முதலில் வந்து நின்றவரே முதலில் போவார். மஞ்சள் நிறப் பாடசாலை பஸ் சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றால், நடுத்தடுப்பு இல்லாத வீதியில் எதிரே வருபவரும் நிற்க வேண்டும். நம்மவர்களுக்குப் புதிதான இன்னொன்றும் உண்டு. இங்கே பொலிசார் மறித்தால் நாம் இறங்கிப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு அவரிடம் போகிறோம். அங்கே அப்படிச் செய்யவே கூடாது. வலப்பக்க ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இரண்டு கையும் கைபிடியில் தெரியும்படி வைத்துக்கொண்டு அவர் வரும்வரை அமர்ந்திருக்க வேண்டும். சட்டைப் பையில் கைவிடுவதற்கு முன்னர் சொல்லிவிட்டு விட வேண்டும்.

மூன்றாவது காப்புறுதி. இங்கே விற்கப்படும் பயணக் காப்புறுதிகளில் பல, மோட்டார் சைக்கிள் விபத்தை விலக்கியோ, எஞ்சின் அளவுக்கு வரம்பு வைத்தோதான் எழுதப்பட்டிருக்கும். அமெரிக்க வைத்தியசாலையில் எலும்பு முறிவு ஒன்றுக்கே ஒரு குடும்பத்தின் சேமிப்பு கரைந்துவிடும். விலக்குகள் அச்சிடப்பட்ட அந்தச் சிறிய எழுத்துப் பக்கத்தை நீங்களும் மகனும் சேர்ந்திருந்து படியுங்கள். வாடகைக்காரர் தரும் அடிப்படைக் காப்புறுதி, பிறருக்கு நேரும் சேதத்தை மிகக் குறைந்த அளவுக்கே ஏற்கும். மேலதிகமாகக் கட்டி அதை உயர்த்திக்கொள்வது வீண்செலவு அல்ல. பெரிய வண்டிகளுக்கு நாள் வாடகை 150 டொலருக்கு மேல் போவது வழக்கம். ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விடுவதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. இவற்றுக்கெல்லாம் கணக்குப் போட்டு, எழுத்தில் உங்களிடம் காட்டுகிற மகன் என்றால், தைரியமாக விடலாம்.

கேள்வி (நிலாவெளி வாசகர்): வெயில் எனக்குப் பழக்கம். கோடை விடுமுறையில், ஜூலையில் போகலாமா?

பதில்: நம் வெயில் பழக்கத்தை நம்பி ஜூலையில் மொஹாவியில் இறங்க வேண்டாம். கலிபோர்னிய எல்லையிலுள்ள நீடில்ஸ் நகரில் அம்மாதம் 40 பாகையைத் தாண்டுவது அன்றாடம், 45 ஐத் தொடுவதும் அரிதன்று.

நமக்கு ஆடி மாதத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது உதடு வெடித்து, துணி காயப்போட்ட கணத்தில் காய்ந்துவிடுகிறதல்லவா. அக்காற்றை அடுப்படிக்குள்ளிருந்து மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் முகத்தில் வீசினால் எப்படியோ, அப்படி இருக்கும். இங்கே மற்ற நாட்களில் ஈரப்பதம் மிகுதியாதலால் வியர்வை உடலில் தங்கி நம்மை எச்சரிக்கிறது. அங்கே அது தெரியாமலே ஆவியாகிவிடும். மாலையில் சட்டையில் உப்புக் கோடு படிந்திருப்பதைக் கண்ட பின்னர்தான் எவ்வளவு நீரை இழந்தோம் என்று தெரியவரும். அதற்குள் தலை சுற்றத் தொடங்கியிருக்கும்.

வெப்பத்துக்கு மேற்சட்டையைத் திறந்துவிட்டு ஓடுவது இயல்பாகத் தோன்றும். காற்றின் வெப்பம் உடல் வெப்பத்தைத் தாண்டிவிட்டால் அது தலைகீழான பலனையே தரும். வீசும் காற்று உடலைக் குளிர்விக்காமல் சூடேற்றும். உள்ளே நனைத்த பருத்திச் சட்டை, வெளியே மூடிய மேற்சட்டை, கழுத்தில் ஈரத்துணி என்று போவதே முறை. தாகம் எடுக்குமுன் குடிக்க வேண்டும். வெறும் நீர் மட்டும் போதாது. நம் மருந்துக்கடையில் வாங்கும், நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூளான ஜீவனிப் பொதிகளைக் கொஞ்சம் பெட்டியில் போட்டுக்கொண்டு போனால் இடம் பிடிக்காது, பயன் பெரிது. பாலைவனத் துண்டை விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும்.

வெயில் மட்டுமே கவலை அன்று. அரிசோனாவின் பிளாக்ஸ்டாஃப் 2,100 மீற்றர் உயரத்தில், நம் நுவரெலியாவைவிடவும் மேலே இருக்கிறது. அங்கே இரவில் குளிர்ந்து, மறுநாளே நீடில்சில் வேக வேண்டிவரும். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒக்லஹோமாப் பக்கம் சூறாவளிக் காலம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அரிசோனாவில் பிற்பகல் இடிமழை. தூரத்து மலையில் பெய்த மழை, நீங்கள் நிற்கும் காய்ந்த ஓடைக்குள் திடீரென்று பாய்ந்து வீதியை மூடும். கலிபோர்னியப் பாலைவனத்தில் 1930களின் மரப்பாலங்கள் இப்படியான வெள்ளங்களில் பழுதடைந்து, சில பகுதிகள் மூடப்பட்டிருக்கின்றன; புறப்படுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். டெக்சாசிலோ காற்று. பக்கவாட்டில் அடிக்கும் காற்றுக்கு வண்டியைச் சாய்த்து ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஒரு பெரிய லொறி குறுக்கே வந்து காற்றை மறைத்த கணத்தில் வண்டி அதன் பக்கமாகத் துள்ளும். கைபிடியை இறுக்கிப் பிடிக்காமல், தொட்டியை முழங்கால்களால் பற்றிக்கொண்டால் சமாளிக்கலாம். என்னைக் கேட்டால் செப்டெம்பர் நடுப்பகுதிக்குப் பின் ஒக்டோபர் நடுப்பகுதி வரை போவதே நல்லது.

கேள்வி (கிண்ணியா வாசகர்): ஹலால் உணவும் தொழுகைக்கு வசதியும் வழியில் கிடைக்குமா?

பதில்: இரு முனைகளிலும் தாராளமாக உண்டு. சிக்காகோவிலும் லொஸ் ஏஞ்சல்சிலும் தேட வேண்டியதில்லை. சென்ட் லூயிசில் பொஸ்னிய முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழ்வதால் இறைச்சிக் கடைகளும் உண்டு. டல்சா, ஒக்லஹோமா சிற்றி, அல்புகேர்கி நகரங்களில் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. தொழுகைத் திசையான கிப்லா அங்கே ஏறத்தாழ வடகிழக்கு என்பதை நினைவில் வையுங்கள். இடையில் உள்ள சிற்றூர்களில் முட்டை, மீன், மரக்கறி என்றுதான் ஓட்ட வேண்டும். நியூ மெக்சிக்கோவின் அவரைக் கறி மரக்கறிபோல் தோன்றினாலும் பன்றிக்கொழுப்பில் தாளித்திருக்கக்கூடும்; கேட்டுவிட்டு உண்ணுங்கள். மரக்கறி மட்டுமே உண்ணும் இந்துச் சைவ வாசகர்களும் இப்படிக் கேட்டுவிட்டே உண்ண வேண்டும். பழைய வீதிக்குப் பக்கத்தில் ஓடும் 40 ஆம் இலக்க அதிவேக நெடுஞ்சாலையில், பஞ்சாபி லொறிச் சாரதிகளுக்காக எழுந்த தாபா எனும் வீதியோரச் சாப்பாட்டுக் கடைகள் சில உண்டு. வீதியோர விடுதிகளில் பலவற்றை நடத்துவோரும் குஜராத்திக் குடும்பத்தினர். இரவில் ஒரு பிடி சோறு எங்கே கிடைக்கும் என்று அவர்களிடம் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

கேள்வி (மூதூரிலிருந்து ஒரு வாசகி): பெண்கள் இப்படியான பயணம் போவதுண்டா? நிறத்தின் காரணமாக அவமதிப்பு நேருமா என்றும் வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்: 1916 இலேயே, இந்த வீதி பிறப்பதற்குப் பத்து ஆண்டு முன்னர், ஒகஸ்ரா, அடலின் வன் பியூரன் என்ற சகோதரிகள் இருவர் 'இந்தியன்' என்ற பெயர்கொண்ட அமெரிக்க மோட்டார் சைக்கிள்களில் நியூயோர்க்கிலிருந்து மேற்குக் கரை வரை ஓடினார்கள். வழியில் பொலிசார் அவர்களைப் பிடித்தது வேகத்துக்காக அல்ல, ஆண்களின் காற்சட்டை அணிந்ததற்காக.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் வரலாற்றில் பதில் உண்டு. பெஸ்ஸி ஸ்ரிங்ஃபீல்ட் என்ற கறுப்பினப் பெண் 1930களிலும் 40களிலும் தனியே நாடெங்கும் மோட்டார் சைக்கிளில் சுற்றினார். விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட இரவுகளில், பெற்றோல் நிலையத்தில் நிறுத்திய வண்டியின் மேலேயே சாய்ந்து உறங்கினார். கறுப்பினத்தவர் தங்கக்கூடிய இடங்களைத் தொகுத்து, நியூயோர்க்கின் தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் வழிகாட்டி நூல் வெளியிட வேண்டியிருந்த காலம் அது. 66 இல் பல ஊர்கள் இருட்டிய பின் அவர்களை இருக்கவிடவில்லை. ஒக்லஹோமாவின் லூதர் அருகே கறுப்பினக் குடும்பம் ஒன்று நடத்திய திரெட் பெற்றோல் நிலையம் அன்று அவர்களுக்குப் புகலிடமாக இருந்தது. அக்கட்டடம் இன்றும் நிற்கிறது, போகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும். இன்று சட்டப்படி எவரும் இடம் மறுக்க முடியாது. முறைத்த பார்வை எங்காவது எதிர்ப்படலாம். இருட்டுமுன் விடுதிக்குச் சேர்ந்துவிடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான புத்தி, ஏனெனில் அந்தியில் மான்கள் வீதிக்கு வரும்.

கேள்வி (சாம்பல்தீவு வாசகர்): சில மாநிலங்களில் தலைக்கவசம் வேண்டாமாமே?

பதில்: கலிபோர்னியாவில் அனைவருக்கும் கட்டாயம். இலினோயில் அப்படியொரு சட்டமே இல்லை. மற்றவற்றில் வயதைப் பொறுத்து மாறும். சட்டம் எப்படியிருந்தாலும் போடுங்கள்.

கேள்வி (கந்தளாய் வாசகர்): பெற்றோல் எப்படி அடிப்பது? அங்கே நிரப்பித் தர ஆள் இல்லை என்கிறார்கள்.

பதில்: நீங்களேதான் நிரப்ப வேண்டும். கலன் கணக்கு, ஓர் அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர். இயந்திரத்தில் அட்டையைச் செருகினால் தபால் இலக்கம் கேட்கும். நம் நாட்டு அட்டைக்கு அது பொருந்தாது. உள்ளே போய் முன்பணம் கட்டிவிட்டு வந்து நிரப்புங்கள். பாலைவனத்தில் பாதித் தொட்டி குறைந்ததும் அடுத்த நிலையத்தில் நிறைத்துவிட வேண்டும். விலை அதிகம் என்று தள்ளிப்போட்டவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். கைப்பேசிச் சமிக்ஞையும் அங்கே நெடுந்தூரத்துக்குக் கிடைக்காது.

கேள்வி (ஆண்டாங்குளம் வாசகர்): போவதற்கு முன் இங்கேயே பயிற்சி எடுக்க வழி உண்டா?

பதில்: உண்டு. திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை வழியாக அநுராதபுரம் போய், ஹொரவப்பொத்தானை வழியாகத் திரும்பினால் சுமார் 250 கிலோமீற்றர். 66 இல் ஒரு நாளுக்கு வேண்டிய ஓட்டம் கிட்டத்தட்ட அதுதான். அங்கே கட்டப்போகும் அதே பைகளை, அதே பாரத்துடன் வண்டியில் கட்டி, அங்கே அணியப்போகும் தடித்த மேற்சட்டையுடனும் கையுறையுடனும், இரண்டு நாள் தொடர்ந்து ஓடிப்பாருங்கள். முதல் நாள் எவரும் ஓடிவிடுவார். இரண்டாம் நாள் காலையில் மணிக்கட்டும் இடுப்பும் என்ன சொல்கின்றன என்பதைக் கேட்டுவிட்டுப் பயணச்சீட்டை வாங்குங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடைப்பட்ட காட்டுப் பகுதியைப் பிற்பகல் நான்கு மணிக்கு முன்னர் கடந்துவிட வேண்டும். அதற்குப் பின் யானைகள் வீதியோரத்துக்கு வரத் தொடங்கும்.